ஆகஸ்ட் மாதத்துத் தும்மல்

ஒரே ஒரு தும்மலில் என் அப்பா ஒரு முழுப் பன்றித்தொடையைப் பறிகொடுத்தார். நன்றாகப் புகைபோட்டது. ஆறு கிலோ. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சிரிப்பீர்கள், அதற்கு நான் உத்தரவாதம். ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். தும்மல் வருவதற்கு முன் மூக்கு எவ்வளவு நேரம் ஆட்டம் காட்டுகிறது? அதைப்போல இந்தக் கதையும் கொஞ்சம் இழுக்கும். கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்த மூக்கு. அதற்கு உரிமையாளர் ஹார்ட்விக், என் அப்பா. எங்கள் டிரோல் மலையூரில் பனிச்சறுக்கு லிஃப்டுகளுக்கு மெக்கானிக். ஜனவரி மாதத்தில், மைனஸ் இருபது குளிரில், முப்பது மீட்டர் கம்பத்தில் தொங்கிக்கொண்டு திருகாணி முடுக்குவார். ஒரு இருமல் வராது. கோடை வந்ததும் அதே மனிதர் கண்ணாடிப் பாத்திரம் ஆகிவிடுவார். மற்றவர்களுக்கு மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மல் வரும். அப்பாவுக்குப் புல் வாரும் கருவி கண்ணில் பட்டாலே வரும்.

அவருக்குத் துணை எங்கள் பள்ளத்தாக்கின் மகரந்தத் தொலைபேசி. மருந்துக்கடை ஓபர்ஹோல்ட்ஸர் அம்மையார் தன் கடைக் கூரைமேல் ஒரு பொறி வைத்திருக்கிறார். அதில் ஒட்டுகிற மகரந்தத்தைப் பூதக்கண்ணாடியில் எண்ணி, தினமும் காலையில் தன் குரலில் பதிவு செய்து வைப்பார். அந்த எண்ணுக்குப் போன் போட்டால் கேட்கலாம். சுழியம் முதல் நான்கு வரை மார்க். அப்பா காலையுணவு மேசையில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் கேட்பார். வீடே கேட்கவேண்டும் அல்லவா?

"அன்பார்ந்த மூக்குடையோரே, வணக்கம்! இன்று நம் பள்ளத்தாக்கில் புல் மகரந்தம்: நான்கு. ஜன்னல்களை மூடுக. கண்களைக் கசக்கற்க."

"கேட்டியா ரோஸ்வித்தா? நாலுக்கு நாலு! பள்ளிக்கூடத்துல கூட நான் இவ்வளவு மார்க் வாங்கினதில்ல."

"அப்ப வீட்டுலயே கெட," என்பாள் அம்மா.

"வீட்டுக்குள்ளயும் புகுந்துடுமாம். கருங்கரடிக்குப் போறேன். அங்க ஜன்னல் தொறந்தே பத்து வருஷம் ஆச்சு."

கருங்கரடி என்பது எங்கள் ஊர்ப் பீர் விடுதி. அங்கே கிலியன் காத்திருப்பார். அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி. தபால்காரர். இருவரும் சேர்ந்து மூன்று வருடமாகப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்களிடம் தோற்றுவருகிறார்கள். பரிசு எப்போதும் அந்தப் பன்றித்தொடைதான்.

எங்கள் ஊர்ச் சீட்டாட்டத்தில் கூட்டாளிக்குச் சைகை காட்டலாம். கண்ணடிக்கலாம், உதட்டைக் குவிக்கலாம், தோளைக் குலுக்கலாம். அது ஏமாற்று இல்லை, ஆட்டமே அதுதான். எதிராளி பார்ப்பதற்குள் காட்டி முடிக்கவேண்டும். ஆனால் பழைய சைகைகள் எல்லாருக்கும் தெரியும். அதனால் அப்பாவும் கிலியனும் மூளையைக் கசக்கிப் புதிதாக ஒன்று கண்டுபிடித்தார்கள். தும்மல். தும்மினால், 'பெரிய சீட்டு என் கையில். ஆட்டப் புள்ளியைத் துணிந்து ஏற்று' என்று அர்த்தம். ஒவ்வாமைக்காரன் தும்மினால் யார் சந்தேகப்படுவார்கள்? ஆக, ஒரு தும்மலில் மாட்டுத் தீனிக்கான புல்லறுப்பு வேலையும் போயிற்று, ஆட்டமும் ஆயிற்று. அப்பாவை நான் மட்டமாக எடைபோட்டதே இல்லை.

ஜூன் மாதம் அம்மா அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் துவைக்கப் போட்டாள். பையில் ஒரு காகிதம். மூன்று வருடத்துக்கு முன் இன்ஸ்ப்ருக் டாக்டர் அப்பாவின் கையில் வரிசையாக ஊசி குத்திப் பார்த்த பரிசோதனை முடிவு. ஹேஸல் மரம்: உண்டு. பிர்ச் மரம்: இல்லை. பூனை: இல்லை. புல்: இல்லவே இல்லை.

பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் சீட்டாட்டப் புள்ளிகள்.

ஹேஸல் பூப்பது பிப்ரவரியில். பிப்ரவரியில் எங்கள் ஊரில் புல்லைப் பார்க்கவேண்டுமானால் இரண்டு மீட்டர் பனியைத் தோண்டவேண்டும்.

அம்மா முன்பக்கம் படித்தாள். பின்பக்கம் படித்தாள். மடித்துச் சர்க்கரை டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல லெனி. சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு பாத்தேன்."

கத்துகிற அம்மாவுக்கு நான் பயப்படமாட்டேன். சர்க்கரை பார்க்கிற அம்மாவுக்குப் பயப்படுவேன்.

இன்னும் சிரிக்கவேண்டாம். இனிமேல்தான் மாமா மரத்திலிருந்து விழவேண்டும்.

ஸெவெரின் மாமா அம்மாவின் அண்ணன். ஜூலைக் கடைசியில் செர்ரி பறிக்க ஏணியில் ஏறினார். ஏணி நின்றது, மாமா வந்துவிட்டார். இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு. இதில் என்ன சங்கடம் என்றால், எங்கள் மேல்வெளி. ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில், கூரைபோலச் சரிந்த புல்வெளி. எந்த மெஷினும் நிற்காது. காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு, நீள அரிவாளால் கையாலேயே அறுக்கவேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம், மூன்று நாள் வெயில் சேர்ந்தாற்போல் கிடைத்தால் உண்டு. வருடா வருடம் மாமா அறுப்பார், அம்மா வாருவாள், நான் கட்டுவேன், அப்பா கீழே தும்முவார்.

எங்களுக்கு ஐந்து மாடு. மேல்வெளிப் புல் வராவிட்டால் குளிர்காலத் தீனி நான்குக்குத்தான் காணும். அந்த ஐந்தாவது, ஆல்மா. வயதானவள். பால் குறைவு, பாசம் அதிகம். மற்ற நாலும் கோடைக்கு மலைமேய்ச்சலுக்குப் போய்விடும், வீட்டுப் பாலுக்கு இவள் மட்டும் கீழே இருப்பாள். போன வாரம் மாட்டுத்தரகர் வந்து அவள் முதுகைத் தட்டிப் பார்த்தார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். அன்று இரவு வீட்டில் யாரும் சூப்புக்கு உப்புப் போதுமா என்று கூடக் கேட்கவில்லை.

வானிலைச் செய்தி சொன்னது: வியாழன், வெள்ளி, சனி வெயில். சனி மாலை இடிமழை. சீட்டாட்டப் போட்டியும் அதே சனி மாலை.

புதன் காலையில் அம்மா என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டாள்.

"லெனி, மருந்துக்கடை அம்மா மாதிரி பேசு பாப்போம்."

இதைக் கேட்க வேண்டுமா? ஊரில் என் தொண்டையில் சிக்காத குரல் கிடையாது. பாதிரியார், தீயணைப்புத் தலைவர், லிஃப்ட் அறிவிப்புப் பெண், சேவல். போன வருடம் தலைமையாசிரியர் குரலில் ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். மூக்கைச் சற்று அடைத்து, மோவாயை உயர்த்தி, எடுத்துவிட்டேன்:

"அன்பார்ந்த மூக்குடையோரே, வணக்கம்!"

ஆல்மா திரும்பி மருந்துக்கடை அம்மையாரைத் தேடினாள்.

"பத்தும்," என்றாள் அம்மா. "அவங்க இன்னியோட பதிவை நிறுத்துறாங்க. புல் காலம் முடிஞ்சுதாம். இன்னிக்கே கடலுக்குக் கிளம்பறாங்க, தங்கச்சி வீட்டுக்கு. திங்கக்கெழமைதான் வருவாங்க."

"சர்க்கரை டப்பாவுல நானும் படிச்சேன், அந்தக் காகிதத்தை எடுத்து அப்பா மூஞ்சிக்கு முன்னாடி நீட்டினா முடிஞ்சுதேம்மா?"

"நீட்டினா? 'அது பழைய டெஸ்ட், மூக்கு அப்புறம் முன்னேறிடுச்சு'ம்பான். எனக்கு ஒப்புதல் வேணாம்டி. அறுத்த புல்லு வேணும்."

"அப்ப நீயே பேசேன்."

"நான் பொய் சொல்லமாட்டேன். ஞாயித்துக்கெழமை கோயில்ல முகம் காட்டணும்." என் கன்னத்தைத் தட்டினாள். "அதுக்குத்தானே உன்னப் பெத்தேன்."

அப்பா குளிக்கும்போது அவர் போனில் 'மகரந்தம்' என்ற பெயருக்குக் கீழே என் எண்ணை மாற்றிவிட்டேன். பிறகு கொட்டகைக்கு ஓடினேன். ஏழு மணி பத்து நிமிடத்துக்கு என் போன் அடித்தது.

"அன்பார்ந்த மூக்குடையோரே, வணக்கம்! இன்று புல் மகரந்தம், இதுவரை காணாத அளவு: ஐந்து!"

போனில் அப்பா கைதட்டுவது கேட்டது. "அஞ்சாம், ரோஸ்வித்தா! நாலுக்கு அஞ்சு!"

"ஒவ்வாமை உடைய ஆண்மக்கள் கவனிக்க. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய மூக்குகளுக்கு ஆபத்து அதிகம். விடுதிகளைத் தவிர்க்க. மேலும், பார்லி என்பதும் புல் இனமே. ஆதலால் பீர் அருந்துவோர் புல்லையே அருந்துகின்றனர்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. "பீரா? பீர்ல என்னம்மா இருக்கு, அது வேகவெச்சதாச்சே!"

"வெந்தாலும் புல் புல்லே, ஐயா," என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பதிவு செய்த குரல் பதில் சொல்லுமா? ஆல்மா வேறு தலையை ஆட்ட, கழுத்துமணி டாங்கென்று அடித்தது.

"ரோஸ்வித்தா! மிஷின் எனக்குப் பதில் சொல்லுது!"

"இப்பல்லாம் எல்லா மிஷினும் அப்படித்தான் ஹார்ட்விக். பேங்க்குக்குப் போன் பண்ணிப் பாரு."

"மாட்டு மணி கேக்குதே?"

"கடைக்கு வாடிக்கையாளர் வருகை," என்றேன் ஓபர்ஹோல்ட்ஸர் அம்மையாராக. "கதவு மணி. பொறுத்தருள்க. சனிக்கிழமை நிலவரம் இன்னும் மோசம். மூடிய அறையில் கூட்டத்தோடு அமர்ந்தால் மூச்சுத்திணறல் உறுதி. ஒரே வழி: மூன்று நாள் மலைச் சிகிச்சை. ஆயிரத்தெண்ணூறு மீட்டருக்கு மேல், வடக்குச் சரிவில் மகரந்தம் சுழியம். அங்கே நோயாளி விடியற்காலையில் கால்களை அகட்டி நின்று, இடுப்பைச் சற்று வளைத்து, மூன்று கிலோ எடையை இரு கையாலும் பிடித்து, வலமிருந்து இடமாக அரைவட்டம் வீசவேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு மூச்சு. மாலைவரை. நன்றி, வணக்கம்."

வைத்துவிட்டேன். கொட்டகைச் சுவரில் காதை வைத்தேன். சமையலறை அடுத்த பக்கம்தான்.

"அப்ப நான் கிலியனுக்குப் போன் பண்ணி, நீ சனிக்கெழமை வரமாட்டேன்னு சொல்லிடறேன்," என்றாள் அம்மா.

"ஏய், ஏய்! போனை வை!"

"மூச்சு திணறுமாம் ஹார்ட்விக். எனக்கு இருக்கறது ஒரே புருஷன்."

"அவ்வளவு மோசமில்லடி என் மூக்கு..."

"அப்படியா? தேவலாமா? அப்ப நல்லதாப் போச்சு, நாளைக்கு அரிவாள எடுத்துட்டு..."

ஒரு தும்மல். பெரிய தும்மல்.

அப்பாவின் மூளை ஓடுவதை என்னால் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்க முடிந்தது. நோயில்லை என்றால் புல்லறுப்பு. நோய் என்றால் சீட்டாட்டம் இல்லை. மூன்றாவதாக ஒரு சந்து: மலைச் சிகிச்சை முடித்தால் சனி மாலை ஆடலாம், மலைமேல் குடில் இருக்கிறது, குடிலுக்கு வெளியே பெஞ்சு இருக்கிறது, பெஞ்சில் வெயில் இருக்கிறது.

"சரி," என்றார் அப்பா, தியாகியின் குரலில். "உடம்புக்குன்னு வந்தா என்ன பண்றது. மலைக்கு வரேன். ஆனா ஒரு புல்லத் தொடமாட்டேன்."

"நீ தொட்டா நான் விடுவேனா?" என்றாள் அம்மா.

வியாழன் விடியலில் மேல்வெளியில் இருந்தோம். ஸெவெரின் மாமாவைச் சாமான் ஏற்றும் கம்பி லிஃப்டில் பால் பீப்பாய்போல ஏற்றி, பெஞ்சில் காலை நீட்டி உட்காரவைத்துவிட்டோம். அதனால் பெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கே ஒரு டிக்கெட் போடலாம்.

"மூணு கிலோ எடை எங்க?" என்று சிணுங்கினார்.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "இங்க மூணு கிலோவுக்கு இந்த அரிவாள்தான் இருக்கு. சும்மா புடிச்சுக்கோ. காத்துல வீசு. புல்லுல பட்டுடப் போகுது, ஜாக்கிரதை!"

அப்பா காலில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு, காலை அகட்டி, காற்றை அறுக்கத் தொடங்கினார். வலமிருந்து இடம். மூச்சு. வலமிருந்து இடம். மூச்சு. பத்து நிமிடம் கழித்து மாமா தொப்பியைத் தூக்கி ஒருதரம் பார்த்தார்.

"மச்சான், காத்து நல்லா விழுது. கட்டுக் கட்டி எடுத்துட்டுப் போகலாமா?"

"இது சிகிச்சை மச்சான். உனக்குப் புரியாது."

"புரியுது, புரியுது. அந்தக் காலத்துல இளைஞர் மன்றப் புல்லறுப்புப் போட்டியிலயும் நீ இப்படித்தான் வீசின. ரெண்டாவது எடம்."

"ஸெவெரின்," என்றாள் அம்மா. "நோயாளியக் கிண்டல் பண்ணாத."

"நான் எங்க கிண்டல் பண்றேன்? மொத எடம் வாங்கினவன் நான், ஞாபகத்துல சொல்றேன். உன்னோட அந்தக் கையே இப்ப போயிடுச்சு பாவம். தோள் இறங்கிப் போச்சு."

"யாருக்குத் தோள் இறங்கிப் போச்சு?"

"கத்தாத மச்சான், மூச்சுக்கு ஆகாது."

அப்பா இடுப்பிலிருந்த தீட்டுக்கல்லை எடுத்தார். அரிவாளை நிமிர்த்தி நாலு இழுப்பு இழுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மா திரும்பி, தலைத்துணியைச் சரிசெய்வதுபோல முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. அடுத்த வீச்சில் புல் சரேலென்று விழுந்தது. அதற்கடுத்ததிலும்.

"ஐயோ ஹார்ட்விக், புல்லு! புல்லு!" என்று பதறினாள் அம்மா.

"நீ தள்ளுடி! இவனுக்கு ரெண்டாவது எடம்னா என்னன்னு காட்டறேன்!"

காட்டினார். வியாழன் முழுக்கக் காட்டினார். வெள்ளியும் காட்டினார். மேலே சிக்னல் இல்லாததால் மகரந்தத் தொலைபேசிக்கும் விடுமுறை, என் தொண்டைக்கும். புல் காய்ந்து தூசு கிளம்பியது. மூன்று நாளில் அப்பா ஒருதரம்கூடத் தும்மவில்லை. நான்தான் தூசு ஏறி ஏழு தரம் தும்மினேன்.

"பாவம்," என்று என் முதுகைத் தடவினார் அப்பா. "என் ரத்தமாச்சே. உனக்கும் வந்துடுச்சு."

சனிக்கிழமை மதியம் கடைசிக் கட்டு கம்பியில் வழுக்கிக் கீழே போனது. மாலை நான்கு மணிக்குக் களஞ்சியக் கதவை மூடினோம். நாலேகாலுக்கு முதல் இடி. அம்மா கொட்டகைக்குப் போய், ஆல்மாவின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

வந்துவிட்டோம். இனி கைக்குட்டையை எடுத்துக்கொள்ளலாம்.

கருங்கரடியில் கால் வைக்க இடமில்லை. நடுமேசையில் பன்றித்தொடை சிவப்பு நாடா கட்டிக்கொண்டு கிடந்தது. அப்பா வெயிலில் சிவந்து, புதுமாப்பிள்ளைபோல இருந்தார். பீர் மட்டும் தொடவில்லை, ஆப்பிள் சாறு. "பார்லி புல்லு சார், புல்லு," என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தார். ஆட்டமும் அபாரம். இறுதிச் சுற்றில் முதலில் பதினைந்து புள்ளி எடுப்பவருக்கு வெற்றி; எங்களுக்குப் பன்னிரண்டு, பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் பத்து. அம்மாவும் நானும் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றோம். புதிதாகச் சீட்டுப் போட்டார்கள். அப்பா கையில் ஏழும் எட்டும் ஒன்பதும். குப்பை. பரவாயில்லை, யாரும் ஏற்றாவிட்டால் இந்த ஆட்டம் இரண்டே புள்ளிதான். வாயைப் பொத்திக்கொண்டு தோற்றால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது கதவு திறந்தது. நனைந்த குடையோடு, நண்டுபோலச் சிவந்து, ஓபர்ஹோல்ட்ஸர் அம்மையார்.

நான் அம்மாவின் கையைக் கிள்ளினேன்.

"திங்கக்கெழமைதானே வர்றதா இருந்தீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"கடலா அது? ஒரே சொறிமீன்! ஓடி வந்துவிட்டேன்."

அப்பா சீட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்தார். "அம்மா! நீங்க நல்லாருக்கணும். உங்க உடற்பயிற்சி என்னக் காப்பாத்திடுச்சு. இந்த அரைவட்டம் வீசறது!"

"எந்த அரைவட்டம்?"

"புதன்கெழமை சொன்னீங்களே. மகரந்தம் அஞ்சுன்னு."

"அளவே நான்குவரைதான், ஹார்ட்விக். அதுவும் புதனோடு பதிவை நிறுத்திவிட்டேன். புல் காலம் முடிந்தது என்றும், பிப்ரவரியில் ஹேஸலோடு சந்திப்போம் என்றும் தெளிவாகச் சொல்லி வைத்தேனே. இந்த ஆகஸ்டில் யாருக்கு ஒவ்வாமை?"

அப்பா மெல்லத் திரும்பினார். முதலில் என்னைப் பார்த்தார். நான் கூரையில் இருந்த மான்கொம்புகளை எண்ணினேன். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா பையைத் திறந்து, சர்க்கரைத்தூள் ஒட்டிய ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"புள்ளி எழுதக் காகிதம் வேணுமா ஹார்ட்விக்? பின்பக்கம் கொஞ்சம் எடம் இருக்கு."

அப்பா முன்பக்கம் பார்த்தார். காதுவரை சிவந்தார். வாயைத் திறந்தார். விடுதியே அவர் வாயைப் பார்த்தது. 'என்னை ஏமாத்திட்டாங்க!' என்று கத்தலாம்தான். கத்தினால், எத்தனை வருடமாக யாரை யார் ஏமாற்றினார்கள் என்ற விசாரணை இங்கேயே, மருந்துக்கடை அம்மையார் தலைமையிலேயே நடக்கும். திறந்த வாயை என்ன செய்வது? மூடவும் முடியவில்லை.

"என்னாச்சு ஹார்ட்விக்?" என்றாள் அம்மா, தேன் குரலில். "தும்மல் வருதா?"

அப்பா தும்மினார்.

விளக்கு ஆடியது. எதிரே கிலியனின் முகம் பௌர்ணமிபோல மலர்ந்தது.

"மூணு!" என்று மேசையைத் தட்டினார் கிலியன்.

"நாலு," என்றான் எதிராளி.

"அஞ்சு!"

"பாக்கலாம். போடு."

அப்பா தலையை ஆட்டினார், கண்ணை உருட்டினார், உதட்டைப் பிதுக்கினார். எல்லாமே சைகை என்று கிலியனுக்கு மேலும் மேலும் உற்சாகம். இரண்டு நிமிடத்தில் எதிராளிகளின் பத்து பதினைந்தாகி, பன்றித்தொடை சிவப்பு நாடாவோடு எழுந்து பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது.

அப்பா காலி மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தக் காகிதம் எப்ப கெடச்சுது ரோஸ்வித்தா?"

"ஜூன்ல."

"ஜூன்லயே தெரியுமா? அப்பவே கேட்டிருக்கலாமேடி!"

"ஜூன்ல அறுத்தது வீட்டுப் பக்கத்துப் புல்லுதானே," என்றாள் அம்மா. "அதுக்கு மெஷின் இருக்கு."